தெசலோனிகியிலிருந்து வெர்கினா: ஒரு நாள் ஒதுக்கலாமா, அந்தக் கல்லறை யாருடையது?

திண்ணைவாசி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வரும் அக்டோபரில் அலுவலக வேலையாக கிரேக்கத்தின் வடக்கே தெசலோனிகிக்குப் போகிறேன். மனைவியும் மாமனாரும் கூட வருகிறார்கள். வேலையெல்லாம் முடிந்து ஒரு முழு நாள் சும்மா இருக்கும். மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், முட்டி வலி உண்டு ஆனால் மெதுவாக நடப்பார். அவருடைய ஒரே ஆசை அலெக்சாண்டரின் அப்பா பிலிப்பின் கல்லறையைப் பார்ப்பது. அது வெர்கினா என்ற சின்ன ஊரில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார், எனக்கு அந்தப் பேரே புதிது.

நான் தேடிப் படித்ததில் குழம்பிப் போனதுதான் மிச்சம். ஒரு இடத்தில் இது பிலிப்பின் கல்லறை, 1977-இல் கண்டுபிடித்தார்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் அது பிலிப்பே இல்லை, பக்கத்துக் கல்லறைதான் அவருடையது என்கிறார்கள். அதைவிடப் புதிதாக வந்த ஒன்றில் பக்கத்துக் கல்லறையும் அவருடையது இல்லையாம்! அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் "மாமா, இது யாருடையது என்று தெரியவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகத்தான் வேண்டுமா, இல்லை இன்னொரு பழைய நகரமான பெல்லா பக்கம் போய்விடலாமா? போனால் கார் எடுக்கணுமா, பஸ் இருக்கிறதா? வெர்கினாதான் பழைய மாசிடோனியாவின் தலைநகராம், அது எப்படி ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமமாகப் போனது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஊர்சுற்றி

போங்கள். பெல்லாவில் கூழாங்கல்லால் செய்த மொசைக் தரைகள் அருமை, சிங்க வேட்டை, மான் வேட்டை என்று அசந்துபோவீர்கள், ஆனால் ஒரே நாள்தான் என்றால் வெர்கினாதான். தெசலோனிகியிலிருந்து தென்மேற்கே முக்கால் நூறு கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பெரும்பகுதி எக்னாத்தியா நெடுஞ்சாலை, சாலை நன்றாக இருக்கும். பஸ்ஸில் போனால் முதலில் வெரியா என்ற ஊருக்குப் போய் அங்கே வேறு பஸ் மாறணும். வெரியாவிலிருந்து வெர்கினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த இரண்டாவது பஸ் எப்போதாவதுதான் வரும், சனி ஞாயிறில் இன்னும் மோசம். பெரியவரை வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டாம், கார் எடுங்கள், இல்லையென்றால் வெரியா வரை பஸ், அப்புறம் டாக்ஸி.

இடத்தைப் பற்றி. வெளியே இருந்து பார்த்தால் புல் முளைத்த பெரிய மண்மேடு ஒன்றுதான் தெரியும், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். அந்த மேட்டுக்குள்தான் அருங்காட்சியகம். உண்மையான மேடு 110 மீட்டர் குறுக்களவும் 12 மீட்டருக்கு மேல் உயரமும் கொண்டது. அகழாய்வுக்காக அதை முழுக்க வெட்டி எடுத்துவிட்டார்கள், கல்லறைகளைக் காப்பாற்ற 1993-இல் ஒரு கூடு கட்டி, மேலே மண்ணைப் போட்டு மறுபடி மேடு மாதிரியே ஆக்கிவிட்டார்கள். 1997-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டு. கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும், மாமனாரை அந்த இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள், தரை சரிவாகவும் இருக்கும். வெளிச்சம் பொருட்களின் மேல் மட்டும்தான் விழும். கல்லறைகள் கட்டப்பட்ட இடத்திலேயே அப்படியே இருக்கின்றன, படி இறங்கி முகப்பு வரை போகலாம், உள்ளே விட மாட்டார்கள். பிலிப்புடையது என்று சொல்லும் இரண்டாம் கல்லறையின் பளிங்குக் கதவு, அதன் மேலே ஐந்தரை மீட்டர் நீள வேட்டை ஓவியம், இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் சீக்கிரம் நகர்வதில்லை.

அப்புறம் அந்தத் தங்கப் பேழை. மூடியில் பதினாறு கதிர்கள் கொண்ட சூரியன், பேழை மட்டும் கிட்டத்தட்ட 8 கிலோ தங்கம். பக்கத்தில் ஓக் இலை வடிவத் தங்கக் கிரீடம், 313 இலைகளும் 68 கொட்டைகளும் இப்போது அதில் எண்ணியிருக்கிறார்கள், காற்றடித்தால் இலை ஆடிவிடும் போல அவ்வளவு மெல்லிசு. எனக்கு இந்தத் தங்கத்தைவிடப் பிடித்தது தந்தத்தில் செதுக்கிய சின்னஞ்சிறு முகங்கள்தான். மரக் கட்டிலில் பதித்திருந்தவை, மரம் உளுத்துப்போய் முகங்கள் மட்டும் மிஞ்சின. அதில் தாடி வைத்த ஒருவர் பிலிப் என்றும் கழுத்தைச் சாய்த்த இளைஞன் அலெக்சாண்டர் என்றும் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே காரைத் திருப்பிவிடாதீர்கள், முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். மேலே குன்றின் சரிவில் அரண்மனையும் அதற்குக் கீழே நாடக அரங்கும் இருக்கின்றன. அந்த அரங்கில்தான் பிலிப் கொல்லப்பட்டார்.

மண்வெட்டி

ஊர்சுற்றி இடத்தைச் சொல்லிவிட்டார், நான் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன், உங்கள் மாமனாருக்குப் பிடிக்கும்.

1850-களில் லியோன் ஹ்யூசே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்தப் பக்கம் வந்து இடிபாடுகளைப் பார்க்கிறார். 1861-இல் மூன்றாம் நெப்போலியன் ஆதரவில் திரும்பி வந்து அரண்மனையின் ஒரு பகுதியைத் தோண்டுகிறார். கிடைத்த சில துண்டுகள் லூவ்ருக்குப் போய்விட்டன. இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பார்த்தும் இதுதான் மாசிடோனியாவின் பழைய தலைநகர் ஐகாய் என்று அவர் நினைக்கவில்லை, வேறொரு சிறு நகரம் என்று எழுதினார். காரணம், ஐகாய் என்பது எதெஸ்ஸா நகரம்தான் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1968-இல் நிக்கலஸ் ஹாமண்ட் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர்தான் இல்லை, ஐகாய் இருந்தது வெர்கினாவில் என்று வாதிட்டார், அதைப் பலர் சட்டை செய்யவில்லை.

நடுவில் 1930-களின் கடைசியில் தெசலோனிகிப் பல்கலைக்கழகத்தின் ரோமாயோஸ் இங்கே தோண்டினார், பளிங்குச் சிம்மாசனம் வைத்த ஒரு கல்லறையைக் கண்டுபிடித்தார். போர் வந்து வேலை நின்றது. அவரிடம் மாணவராக வந்து மண் சுமந்தவர்தான் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ். போருக்குப் பிறகு திரும்பி வந்து அக்கம்பக்கத்துச் சின்ன மேடுகள் பலவற்றை ஆராய்ந்தார், அங்கே மொத்தம் முந்நூறுக்கும் மேல் மேடுகள், பல கிறிஸ்துவுக்கு முந்தைய ஆயிரமாவது ஆண்டை ஒட்டியவை. ஆனால் கண் எப்போதும் அந்தப் பெரிய மேட்டின் மேல்தான். 1952-லேயே அதில் ஒரு கீறல் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் அதை முழுமூச்சாகத் தோண்டும் வாய்ப்பு வந்தது 1976, 77-இல்தான்.

மேட்டின் மண்ணுக்குள் உடைந்த கல்லறைக் கற்கள் குவியலாகக் கிடைத்தன, சாதாரண மக்களின் பெயர் எழுதியவை. யாரோ இடுகாட்டை நாசம் செய்திருக்கிறார்கள். இங்கேதான் அந்த்ரோனிகோஸின் மூளை வேலை செய்கிறது. எபிரஸ் நாட்டு மன்னன் பைரஸ் கூலிப்படையாக வைத்திருந்த கால் (Gaul) என்ற கெல்டிய இனத்து வீரர்கள் ஐகாயின் அரச கல்லறைகளைத் தோண்டிச் சூறையாடினார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார், கி.மு. 274 வாக்கில் நடந்தது. உடைந்த கற்கள் அந்தச் சூறையின் மிச்சம் என்றால் இந்த இடம் ஐகாய், அடுத்த தடவை கொள்ளை போகாமல் இருக்கப் பின்னால் வந்த ராஜா மலை மாதிரி மண்ணைக் கொட்டியிருக்கிறான் என்றால் அடியில் அரசர்கள் இருக்கணும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

நடுவில் தோண்டினார், ஒன்றும் இல்லை. கல்லறைகள் இருந்தது ஓரத்தில். முதலில் கிடைத்தது ஏற்கெனவே கொள்ளை போன சின்னக் கல்லறை, பொருள் எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் சுவரில் பெர்செபோனி என்ற பெண் தெய்வத்தைப் பாதாள தேவன் தேரில் கடத்திப் போகும் ஓவியம். பண்டைய கிரேக்க ஓவியம் என்று நமக்கு மிஞ்சியதே கொஞ்சம், அதில் இது முதல் வரிசை. ஓவியர் ஈரச் சுண்ணாம்பில் வேகமாகக் கீறிய கோடுகள்கூடத் தெரியும். பக்கத்தில் இரண்டாவது, பெரியது. 1977 நவம்பர் 8, பின்சுவர்ப் பக்கம் வளைவுக் கூரையின் உச்சிக்கல்லைப் பெயர்த்து உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். பழைய கொள்ளைக்காரர்களும் அந்த வழியாகத்தான் இறங்குவார்களாம், இங்கே மட்டும் அவர்கள் வரவில்லை. ஒரு பக்கம் வெண்கலமும் இரும்பும், மறுபக்கம் வெள்ளிப் பாத்திரங்கள், சுவரோரம் பளிங்குப் பெட்டி, அதைத் திறந்தால் தங்கப் பேழை, அதைத் திறந்தால் எரித்த எலும்புகள். முன்னறையில் இன்னொரு தங்கப் பேழை, ஊதாவும் தங்கமும் இழைத்த துணியில் சுற்றிய ஒரு பெண்ணின் எலும்புகள். அடுத்த வருடமே மூன்றாவது கல்லறை, அதுவும் கைபடாதது, அது பதின்பருவச் சிறுவனுடையது. அலெக்சாண்டரின் மகன் நான்காம் அலெக்சாண்டர் என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள், இதில் சண்டை குறைவு.

திண்ணைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி, மாமனாருக்குப் படித்துக் காட்டினேன், மனிதர் இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் கேட்டது: இரண்டாம் கல்லறையில் இருப்பது பிலிப்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? கல்வெட்டு ஏதும் உண்டா?

சந்தேகப்பிராணி

கல்வெட்டு இல்லை ஐயா, பெயரே எங்கும் இல்லை. பிரச்சினையின் வேர் அதுதான். எந்தக் கல்லறையிலும் "நான் இன்னார்" என்று எழுதி வைக்கவில்லை, ஆகவே நாற்பது வருடத்துக்கும் மேலாக எலும்பையும் பானையையும் வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

மறுபக்க வாதத்தை யாராவது சொல்லணும், நானே சொல்கிறேன். இரண்டாம் கல்லறையில் இருப்பவர் பிலிப்பின் இன்னொரு மகன், அலெக்சாண்டருக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் மூன்றாம் பிலிப் அரிதேயஸ் என்று ஒரு கட்சி உண்டு. அவரையும் மனைவி யூரிடிஸையும் கி.மு. 317-இல் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் தீர்த்துக்கட்டினாள், அப்புறம் மாசிடோனியாவைப் பிடித்த தளபதி கசாண்டர் இருவரின் உடலையும் எடுத்து ஐகாயில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தான், இது நூல்களில் இருக்கிறது. ஓர் ஆண், ஒரு பெண், அரச மரியாதை, எல்லாம் பொருந்துகிறது. வேட்டை ஓவியத்தில் சிங்கம் இருக்கிறது, இது அலெக்சாண்டர் ஆசியா போய் வந்த பிறகு பரவிய பாணி என்கிறார்கள். உள்ளே கிடைத்த சில சின்ன மண்பாண்டங்களின் பாணியும் கி.மு. 336-க்குப் பிந்தையது என்கிறார்கள். 2000-இல் பார்ட்சியோகாஸ் என்ற ஆய்வாளர், எலும்புகள் சதையோடு எரிந்தவை அல்ல, காய்ந்த பிறகு எரிந்தவை, அதாவது புதைத்துத் தோண்டி எடுத்து எரித்தது, அரிதேயஸ் கதைக்கு இது சரியாக வருகிறது, கண் குழியிலும் காயம் எதுவும் இல்லை என்று எழுதினார். பிலிப்புக்கு மெதோனே முற்றுகையில் அம்பு பட்டு வலது கண் போனது ஊரறிந்த விஷயம்.

சரி, அப்படியானால் பிலிப் எங்கே? 2015-இல் இதே ஆய்வாளரின் குழு முதல் கல்லறையைக் காட்டியது. அங்கே கிடைத்த ஆணின் ஒரு கால் முட்டி எலும்பு ஒட்டிப்போய் இருக்கிறது, பிலிப் கடைசிக் காலத்தில் ஈட்டிக் காயத்தால் நொண்டினார். கூடவே ஓர் இளம்பெண், ஒரு பச்சிளங்குழந்தை. பிலிப்பின் ஏழாவது மனைவி கிளியோபாட்ராவையும் கைக்குழந்தையையும் ஒலிம்பியாஸ் கொன்றாள் அல்லவா, மூவரும் ஒரே இடத்தில் என்று கதை அழகாக முடிந்தது. நானும் இதைத்தான் சரியென்று நினைக்கிறேன், அல்லது நினைத்துக்கொண்டிருந்தேன், 2025-இல் வந்த கார்பன் தேதியைப் பார்க்கும் வரை.

மண்வெட்டி

அந்தக் கடைசி வரியை விரித்துச் சொல்லிவிடுங்கள் நண்பரே, நழுவக் கூடாது :) முதல் கல்லறையின் ஆண் எலும்பை 2025-இல் கிரேக்க ஆய்வாளர்கள் கார்பன் முறையில் ஆராய்ந்தார்கள். இறக்கும்போது வயது 25 முதல் 35-க்குள், அடக்கமானது கி.மு. 388-க்கும் 356-க்கும் இடையில். பிலிப் இறந்தது கி.மு. 336, வயது நாற்பத்தாறு ஏழு. எந்தக் கணக்கிலும் ஒட்டாது. அதைவிட, குழந்தை என்று சொன்னது ஒன்றல்ல, குறைந்தது ஆறு சிசுக்கள், அவையும் ரோமானியர் காலத்தவை, கொள்ளைக்காரர்கள் போட்ட ஓட்டை வழியாக நூற்றாண்டுகள் கழித்து யாரோ உள்ளே இட்டவை. ஆக கிளியோபாட்ரா கதை அங்கேயே விழுந்துவிட்டது.

இனி இரண்டாம் கல்லறை. 2015-லேயே தியோடோரஸ் அந்திகாஸ் குழு எல்லா எலும்புத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து முடிவு சொல்லியிருக்கிறது. ஆணுக்கு வயது 41 முதல் 49. எலும்பு எரிந்தது சதையோடுதான், காய்ந்த எலும்பு அல்ல. பெண்ணுக்கு வயது 30 முதல் 34. அரிதேயஸின் மனைவி யூரிடிஸ் செத்தபோது இருபது வயதுகூட முழுதாக ஆகியிருக்காது, ஆக அவள் இல்லை. இதில் ஒரு அழகான விஷயம், முன்னறையில் கிடைத்த தங்கம் பூசிய கால் கவசம் இரண்டும் ஒரே அளவில் இல்லை, இடதுகால் கவசம் சிறியது. இத்தனை நாளும் அது நொண்டிப் பிலிப்புக்காகச் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பார்த்தால் அந்தப் பெண்ணின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கால் குட்டையாகியிருக்கிறது! கவசம் அவளுடையது, பக்கத்தில் இருந்த தங்க அம்பறாத்தூணியும் அவளுடையதாகத்தான் இருக்கணும். சித்திய மன்னன் அதேயஸின் மகளாக இருக்கலாம் என்பது இந்தக் குழுவின் ஊகம், திரேசிய இளவரசி மேதா என்பது பழைய ஊகம். குதிரையேறிச் சண்டை போடும் ஒரு ராணி என்பது வரை எனக்குச் சந்தேகம் இல்லை.

கண் காயம் பற்றிச் சொல்லவேண்டும். 1980-களில் மான்செஸ்டர் குழு ஒன்று மண்டையோட்டுக்கு மெழுகில் முகம் செய்து வலது கண் சிதைந்தது என்று காட்டியது, அந்த முகம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பிற்பாடு பார்த்தவர்கள் அந்தக் காயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அதை ஆதாரமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. அது இல்லாமலே வழக்கு நிற்கிறது.

சந்தேகப்பிராணி

நிற்கிறது, ஆனால் ஒற்றைக்காலில். முதல் கல்லறை பிலிப் இல்லை என்று ஆனதால் இரண்டாவது பிலிப் என்று தானாக ஆகிவிடாது. எரிந்த எலும்பில் வயதைக் கணிப்பது எவ்வளவு வழுக்கல் என்பது உங்களுக்கே தெரியும். மண்பாண்டங்களுக்கும் ஓவியத்துக்கும் இன்னும் நேர்ப் பதில் வரவில்லை. கிரேக்கத் தொல்லியல் துறைக்குப் பிலிப் என்ற பெயர் வேண்டியிருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துத்தான் இதையெல்லாம் படிக்கணும். அருங்காட்சியகப் பலகையில் "பிலிப்பின் கல்லறை" என்றே போட்டிருக்கிறார்கள், "பெரும்பாலும்" என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? ஐயாவிடம் சொல்லுங்கள்: பிலிப் என்பதற்கு இப்போது வாய்ப்பு அதிகம், தீர்ப்பு எழுதியாகவில்லை.

கடலோரம்

நான் பல வருடமாக தெசலோனிகியில் இருக்கிறேன், எலும்புச் சண்டையில் நுழையவில்லை. ஊர் எப்படி இவ்வளவு சின்னதாகப் போனது என்று கேட்டாரே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முடியும்போதே நிர்வாகத் தலைநகர் பெல்லாவுக்குப் போய்விட்டது, கடலுக்கும் வணிகத்துக்கும் அது பக்கம். ஐகாய் சடங்குகளுக்கான ஊராக இருந்தது: அரச திருமணம், விழா, அடக்கம். அரசர்களை இங்கே புதைக்கும் வரை வம்சம் நிலைக்கும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு, அலெக்சாண்டரை எகிப்தில் புதைத்ததால்தான் வம்சம் அழிந்தது என்று பழைய எழுத்தாளர்களே சொல்லியிருக்கிறார்கள். கி.மு. 168-இல் ரோமானியர்கள் மாசிடோனியாவை முறியடித்தார்கள், அரண்மனை அழிந்தது, மக்கள் மெல்ல மெல்லச் சமவெளிக்கு இறங்கினார்கள். அப்புறம் இரண்டாயிரம் வருடம் மண்.

இப்போது இருக்கும் ஊர் பழைய ஐகாயின் தொடர்ச்சி இல்லை. இது 1920-களில் பிறந்த ஊர்! ஒட்டோமான் காலத்தில் இங்கே குத்லெஸ், பார்பெஸ் என்று இரண்டு குக்கிராமங்கள், நிலம் ஒரு துருக்கிய நிலப்பிரபுவுடையது, இருபத்தைந்து குடும்பங்கள் வேலை செய்தன. 1923 லொசான் ஒப்பந்தத்துக்குப் பிறகு கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது அல்லவா, அப்போது ஆசியா மைனரிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்த 121 அகதிக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பெயர்கூட வெரியாவின் பேராயர் வைத்தது, உள்ளூர்க் கதையில் வரும் ஒரு ராணியின் பெயர். எங்கோ வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்களின் தோட்டத்தடியில் மாசிடோனிய அரசர்கள் இருந்திருக்கிறார்கள். மண்வெட்டி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்: அந்த்ரோனிகோஸும் ஆசியா மைனரில் புர்சாவில் 1919-இல் பிறந்தவர், கைக்குழந்தையாகவே அந்தக் கொந்தளிப்பில் தெசலோனிகி வந்து சேர்ந்த குடும்பம். ஊர்க்காரர்கள் அவரோடு மண் வெட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசினால் வீட்டு மனிதரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார்கள்.

அப்புறம் அந்தச் சூரியன். யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த பக்கத்து நாடு 1992-இல் அந்தப் பதினாறு கதிர்ச் சூரியனைக் கொடியில் போட்டது, இங்கே கொந்தளித்துவிட்டது. ஐ.நா.வில் 1993-இல் சேர்ந்தபோது அவர்களின் கொடியை ஏற்றவே இல்லை, 1994-இல் கிரேக்கம் வணிகத் தடை போட்டது, 1995-இல் ஒப்பந்தம் ஆகி அவர்கள் கொடியை மாற்றினார்கள். பெயர்ச் சண்டை 2018 பிரெஸ்பா ஒப்பந்தம் வரை போனது, இப்போது அது வட மாசிடோனியா. ஒரு பெட்டியின் மூடியில் இருந்த அலங்காரம் இத்தனையும் செய்தது. ஆகவே அங்கே டாக்ஸிக்காரரிடமோ கடைக்காரரிடமோ இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும், சந்தேகப்பிராணி மாதிரி "பிலிப் இல்லையாமே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் :)

சாப்பாட்டுக்கு ஊரில் அருங்காட்சியகத்தை ஒட்டியே சின்னச் சின்ன உணவகங்கள் இருக்கின்றன. அசைவம் சாப்பிடாதவர்களுக்கு அவித்த கீரை, பெரிய அவரை, வறுத்த கத்தரி, பாலாடைக்கட்டி கிடைக்கும். வெரியாவில் ரவானி என்ற ரவை இனிப்பு பிரசித்தம், விடாதீர்கள்.

ஊர்சுற்றி

அரண்மனை பற்றி நான் பாதியில் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். 16 வருட வேலைக்குப் பிறகு 2024 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள், செலவு 2 கோடி யூரோவுக்கு மேல். 2022 டிசம்பரில் ஒரு புதிய அருங்காட்சியகக் கட்டடமும் திறந்தார்கள், கல்லறை மேட்டிலிருந்து அது தனி, அரண்மனை மேல்மாடித் தூண் வரிசையின் ஒரு பகுதியை உண்மையான கற்களோடு அங்கே உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள், அரண்மனை எவ்வளவு உயரம் என்பது அங்கேதான் உறைக்கும். இரண்டு வேலைக்கும் தலைமை ஆங்கெலிகி கொத்தாரிதி. அரண்மனையின் பரப்பு சுமார் 12,500 சதுர மீட்டர், பார்த்தெனானைப் போல மூன்று மடங்கு என்கிறார்கள். கூரை கிடையாது, தூண் அடிகளும் கொஞ்சம் மீட்டெடுத்த தூண்களும் மொசைக் தரையும்தான். ஆனால் அங்கே நின்றால் மொத்தச் சமவெளியும் காலடியில் தெரியும், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரங்கில் பார்க்க அதிகமில்லை, சொல்லிவிடுகிறேன், 1982-இல் தோண்டி எடுத்தது, முன்வரிசைக் கல் இருக்கைகள் கொஞ்சம், மற்றது மண் சரிவு, அந்தக் காலத்தில் மரப்பலகை போட்டிருப்பார்கள். கி.மு. 336-இல் மகள் கிளியோபாட்ராவின் திருமணம், விருந்தினர்கள் அரங்கு நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள், பன்னிரண்டு கடவுளர் சிலைகளோடு பதின்மூன்றாவதாகத் தன் சிலையையும் ஊர்வலத்தில் கொண்டுவந்த பிலிப், காவலர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வெள்ளை ஆடையில் தனியாக நடந்து வருகிறார். அவருடைய மெய்க்காவலன் பவுசானியாஸ் குத்துகிறான். இருபது வயது அலெக்சாண்டர் அன்றைக்கே ராஜா. கல்லறையில் இருப்பது யார் என்று தீராவிட்டாலும் இது நடந்த ஊர் இதுதான், ஐகாய் இங்கேதான் என்பதில் இன்றைக்கு அனேகமாக யாருக்கும் சண்டை இல்லை. மாமாவிடம் அதைச் சொல்லுங்கள்.

மேலே போகும் வழி ஏற்றம், ஒரு கிலோமீட்டருக்கு மேல், நிழல் குறைவு. முட்டி வலிக்காரரை நடத்தாதீர்கள், காரிலேயே போங்கள். வழியில்தான் ரோமாயோஸ் கண்டுபிடித்த கல்லறையும் இருக்கிறது, தூண் முகப்போடு.

திண்ணைவாசி

கார் என்று முடிவாகிவிட்டது. மாமனாரிடம் எல்லாவற்றையும் அப்படியே படித்தேன். "தீர்ப்பு எழுதவில்லை என்றால் நான் போய் எழுதுகிறேன்" என்கிறார். எங்களுக்குக் கிடைக்கும் நாள் செவ்வாய்க்கிழமை, அதில் ஏதும் சிக்கல் உண்டா? காலை எட்டுக்கே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கடலோரம்

செவ்வாய் என்றால் எட்டு மணிக்கு வெர்கினா போய் நிற்காதீர்கள், அன்றைக்குக் கல்லறை அருங்காட்சியகம் மதியம் திறப்பது வழக்கம். அக்டோபர் கடைசியில் நேரம் மாறும், ஆகவே போவதற்கு முந்தின நாள் கலாச்சார அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அரண்மனை மூடும் நேரத்தையும் சேர்த்து. காலையில் வெரியாவில் இறங்குங்கள். அப்போஸ்தலர் பவுல் பிரசங்கித்ததாகச் சொல்லும் மேடை, ஆற்றங்கரையில் பழைய யூதர் தெரு, அப்புறம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் கோயில், உள்ளே 1315-இல் கல்லியர்கிஸ் தீட்டிய சுவரோவியங்கள், சின்னக் கோயில்தான், பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் ஆனால் அவசரப்பட மாட்டீர்கள். ரவானியை வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்கு வெர்கினாவுக்கு வண்டியைத் திருப்பினால் சரியாக இருக்கும். மூடும் நேரம் நெருக்கமாக இருந்தால் முதலில் அரண்மனை, பிறகு கல்லறை. அந்தப் பக்கத்து மேகத்தை நம்ப முடியாது, மாமனாருக்கு ஒரு குடையும் வழுக்காத செருப்பும் எடுத்து வையுங்கள்.